ஆடையும் ஆயுதமும்
(பொதுக்காலம் 23ம் ஞாயிறு – வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



'ஆள் பாதி, ஆடை பாதி' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். வேலைக்கான நேர்காணலுக்குச் செல்லும் மகனிடம் சொல்கிறோம். திருமண வீட்டுக்குக் கிளம்பும் மகளிடம் சொல்கிறோம். பழைய சட்டையோடு பங்குத்தந்தையைப் பார்க்கப் புறப்படும் கணவரிடம் மனைவி சொல்கிறார். இந்தப் பழமொழியில் உண்மை இல்லாமல் இல்லை. ஒருவர் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே, அவர் உடுத்தியிருப்பதை வைத்து அவரைப்பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த முடிவு சரியானதா என்பதுதான் இன்றைய இரண்டாம் வாசகம் நம் முன் வைக்கும் கேள்வி.

சென்ற ஞாயிறு முதல் யாக்கோபு திருமுகத்தை நாம் வாசித்து வருகிறோம். இன்றைய பகுதியில் புனித யாக்கோபு ஒரு காட்சியை நமக்குக் காட்டுகிறார். இறைமக்கள் கூடியிருக்கும் இடத்திற்கு இருவர் வருகின்றனர். ஒருவர் பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்திருக்கிறார். மற்றவர் ஏழை, அழுக்கான கந்தைகளை உடுத்தியிருக்கிறார். முதலாமவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. இரண்டாமவரிடம், அங்கே நில், அல்லது என் கால்மணை அருகே தரையில் உட்கார் என்று சொல்லப்படுகிறது. அந்த இருவரில் யார் நல்லவர், யார் தீயவர் என்று யாக்கோபு சொல்லவே இல்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு மோதிரமும் இரண்டு உடைகளுமே. அவற்றைக்கொண்டே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. இப்படி ஆள் பார்த்து நடப்பவர்கள் தீய எண்ணம் கொண்ட நீதிபதிகள் என்று யாக்கோபு கடிந்துகொள்கிறார்.

அன்புள்ளங்களே, அந்தக் காட்சியில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்ப்போம். உள்ளே வருபவரின் விரலில் மோதிரம் இருப்பதற்குப் பதில், அவரது இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் என்ன நடக்கும்? அவருக்கு எந்த இருக்கையைத் தருவோம்?

இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில், உரிமம் பெற்ற ஒருவர் கைத்துப்பாக்கியை இடுப்பிலோ தோளிலோ மாட்டிய உறையில் வைத்து, பிறர் காணும்படி பொது இடங்களில் நடமாடலாம் என்ற சட்டம், 2016ம் ஆண்டு சனவரி 1ம் தேதி நடைமுறைக்கு வந்தது. கடைகள், உணவகங்கள், ஆலயங்கள் அனைத்தும் ஒரு முடிவெடுக்க வேண்டியதாயிற்று. ஆயுதம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் வாசலில் ஓர் அறிவிப்பு வைக்கலாம். அது ஆங்கிலம், இஸ்பானியம் என்ற இரு மொழிகளிலும், ஓர் அங்குல உயரத்திற்குக் குறையாத எழுத்துகளில் இருக்கவேண்டும் என்று சட்டமே வரையறுத்தது. அப்போது டல்லாஸ் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர், பின்னர் கர்தினாலாக உயர்த்தப்பட்ட கெவின் ஃபாரெல் அவர்கள். அந்தச் சனவரியிலேயே அவர், தன் மறைமாவட்ட ஆலயங்களுக்குள் துப்பாக்கிகளுக்கு இடமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்.

அந்த நாட்டுச் சட்டங்கள் சரியா, தவறா என்று தீர்ப்பிடுவதற்காக நாம் இதைப் பேசவில்லை. நம் குடும்பங்களிலிருந்து சென்ற பிள்ளைகள் பலர் டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் வாழ்கின்றனர் என்பது, நமக்கு அதில் அக்கறை வருவதற்கு ஒரு காரணம். ஆனால், அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புனித யாக்கோபு சுட்டிக்காட்டும் பாவத்தை நாம் வழக்கமாகச் சிறிய பாவமாகவே எண்ணுகிறோம். யாரை எங்கே உட்காரவைத்தோம் என்பது அவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்கிறோம். ஆயுதம் ஏந்திய ஒருவரைப் பார்க்கும்போது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கவனித்தால், அந்தச் சிறிய பாவம் ஒரு சில நொடிகளில் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பது நமக்குப் புரியும்.

'துப்பாக்கி வைத்திருக்கும் ஓர் அமெரிக்கர்' என்று சொன்னதும், நம் மனதில் எழும் உருவம் என்ன? தாடி, தொப்பி, இராணுவ உடையைப் போன்ற சட்டை, பெரிய வண்டி. திரைப்படங்களும் செய்திகளும் நமக்குத் தந்த உருவம் அது. உண்மை என்னவென்றால், அந்நாட்டில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 39 கோடி என்று 2018ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு கணித்தது. அது அந்நாட்டு மக்கள்தொகையைவிட அதிகம். வயதுவந்தோரில் ஏறக்குறைய மூவருக்கு ஒருவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொல்கிறார். அவர்களில் விவசாயிகள் உண்டு, செவிலியர் உண்டு, பேரப்பிள்ளைகள் கண்ட பாட்டிகள் உண்டு, ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருவோரும் உண்டு. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பியூ ஆய்வு மையம் 2023ல் கேட்டபோது, நூற்றுக்கு 72 பேர் சொன்ன முக்கியக் காரணம், பாதுகாப்பு. அதாவது, அந்த இடுப்பு உறைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஓர் அச்சம். ஆனால், அவர்களைத் தெருவில் காண்பவர் கண்ணுக்கு அந்த அச்சம் தெரிவதில்லை. ஆயுதம் மட்டுமே தெரிகிறது.

துப்பாக்கி வைத்திருப்போரில் பலர் இதை உணர்ந்தே இருக்கின்றனர். 2013, 2014ம் ஆண்டுகளில், டெக்சஸில் சிலர் நீண்ட ரைஃபிள்களைத் தோளில் மாட்டிக்கொண்டு உணவகங்களுக்குள் கூட்டமாகச் சென்றனர். நீண்ட துப்பாக்கிகளை வெளிப்படையாக எடுத்துச்செல்ல அங்கு முன்பிருந்தே அனுமதி இருந்தது. தங்கள் உரிமையை மக்களுக்குக் காட்டி, அவர்களைப் பழக்கப்படுத்துவது அவர்களது நோக்கம். நடந்ததோ வேறு. பிள்ளைகளோடு சாப்பிட வந்த தாய்மார் மிரண்டனர். உணவகங்கள் ஒவ்வொன்றாக, ஆயுதங்களோடு இங்கே வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. துப்பாக்கி உரிமைக்காகப் போராடும் மிகப்பெரிய அமைப்பான தேசிய ரைஃபிள் கழகத்தின் வலைத்தளத்திலேயே, இவ்வாறு நடப்பது விநோதமானது, பிறரை அச்சுறுத்துவது, நம் நோக்கத்திற்கே கேடானது என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியானது. எதிர்ப்பு வந்ததும், சில நாள்களிலேயே அந்தக் கழகம் அக்கருத்திலிருந்து பின்வாங்கிக்கொண்டது என்பதும் உண்மை.

இருந்தாலும், அந்தக் கட்டுரையில் நாம் ஏற்கவேண்டிய ஒன்று இருந்தது. எனக்கு உரிமை உண்டு என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. என் உரிமை அடுத்தவர் மனதில் என்ன செய்கிறது என்றும் கேட்கவேண்டும். சிலைகளுக்குப் படைக்கப்பட்ட உணவை உண்ணலாமா என்ற சிக்கல் கொரிந்து நகரில் எழுந்தபோது, புனித பவுல் இதைத்தான் சொன்னார். உண்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கலாம், ஆனால் அந்த உரிமை வலுவற்ற உள்ளம் கொண்டவருக்குத் தடைக்கல்லாகிவிடக்கூடாது என்பது அவரது அறிவுரை. உணவுக்கே அப்படியென்றால், ஆயுதத்திற்கு எவ்வளவு பொருந்தும்! அடுத்த மேசையில் இருக்கும் தாய்க்கு, துப்பாக்கியோடு நுழையும் மனிதரின் உள்ளத்தைப் படிக்க வழியில்லை. அவர் காவல் செய்ய வந்தவரா, கொலை செய்ய வந்தவரா என்று ஊகிக்கும் சுமையை அந்தத் தாயின் தலையில் ஏற்றுவது அன்பு ஆகாது.

ஆகவேதான், ஆயுதம் தாங்கிச் செல்வோருக்குப் பயிற்சி தருபவர்கள் பலர் ஓர் அறிவுரை சொல்கின்றனர். நல்ல உடை உடுத்துங்கள், இராணுவத்தினரைப் போல் வேடம் போடாதீர்கள், யாரோடும் வாக்குவாதம் செய்யாதீர்கள், பணிவாகப் பேசுங்கள், உங்களைப் பார்ப்பவர் துப்பாக்கி வைத்திருப்போர் அனைவரையும் உங்களைக்கொண்டே எடைபோடுவார் என்கின்றனர். நல்ல அறிவுரைதான். நம் பழமொழியும் அதைத்தானே சொல்கிறது! ஆள் பாதி, ஆடை பாதி.

ஆனால், அன்பர்களே, உடையைச் சரிசெய்துவிட்டால் பார்வையும் சரியாகிவிடுமா? தூய்மையான சட்டையும் பணிவான பேச்சும் எல்லாருக்கும் ஒரே பலனைத் தருகின்றனவா? இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்வு பதில் சொல்கிறது.

அவர் பெயர் ஃபிலாண்டோ காஸ்டில். வயது 32. கறுப்பின இளைஞர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரப் பள்ளி ஒன்றில், மாணவர்களின் உணவுக்கூடத்திற்குப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர்களை அவர் அறிந்து வைத்திருந்தார் என்றும், எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது என்பதும் அவருக்குத் தெரியும் என்றும் உடன் பணியாற்றியோர் கூறினர். மதிய உணவுக்குக் காசில்லாமல் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குத் தன் பையிலிருந்து பணம் கட்டியதும் உண்டு. கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அவரிடம் முறையான உரிமம் இருந்தது.

2016ம் ஆண்டு சூலை 6ம் தேதி இரவு. தன் தோழியோடும், பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அவரது நான்கு வயது மகளோடும் அவர் காரில் சென்றுகொண்டிருந்தார். காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். பிரேக் விளக்கு எரியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆனால், வண்டியை நிறுத்துவதற்கு முன் அவர் வானொலிக் கருவியில் சக காவலரிடம் பேசியது பதிவாகியிருந்தது. இந்த ஓட்டுநர் நாம் தேடும் கொள்ளையரில் ஒருவரைப் போல் இருக்கிறார், அந்த அகன்ற மூக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றுகிறது என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். காஸ்டில் அந்தக் கொள்ளையர் அல்ல.

காவலர் கேட்ட ஆவணத்தைக் காஸ்டில் கொடுத்தார். பின்பு, மரியாதையாக 'ஐயா' என்று அழைத்து, தன்னிடம் ஒரு துப்பாக்கி இருப்பதைத் தானாகவே தெரிவித்தார். ஒளிவுமறைவு வேண்டாம், காவலர் திடுக்கிடக்கூடாது என்று நினைக்கும் பொறுப்புள்ள மனிதர் இதைத்தானே செய்வார்? அதை வெளியே எடுக்காதே என்றார் காவலர். எடுக்கவில்லை என்றார் காஸ்டில். ஒரு சில நொடிகளில் ஏழு குண்டுகள் பாய்ந்தன. என் உயிருக்கு அஞ்சினேன் என்று அந்தக் காவலர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். 2017ம் ஆண்டு சூன் மாதம், நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அந்த இரவில், காவல் வண்டியில் அழுதுகொண்டிருந்த தாயை, நான்கு வயதுச் சிறுமி, நான் உன் பக்கத்தில் இருக்கிறேன் என்று தேற்றிய காட்சி இன்றும் பதிவில் இருக்கிறது.

காஸ்டிலின் இறுதிச் சடங்கு, அந்நகரின் கத்தோலிக்கப் பேராலயமான புனித பவுல் பேராலயத்தில் நடைபெற்றது. ஆயிரக்கணக்கானோர் கூடினர். பின்னர், அவர் பெயரால் மக்கள் நிதி திரட்டி, அந்நகரப் பள்ளிகளில் மதிய உணவுக் கடன் வைத்திருந்த பிள்ளைகளின் கடனை அடைத்தனர்.

துப்பாக்கி வைத்திருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லித்தரப்படுகிறதோ, அதன்படியே அவர் நடந்தார். உரிமம் பெற்றார், உண்மை சொன்னார், பணிந்து பேசினார். அவரால் மாற்றிக்கொள்ள முடியாத ஒன்று இருந்தது. அது அவரது முகம். ஓட்டுநராக இருந்த ஆண்டுகளில், அவரது வண்டி 40 தடவைக்கும் மேல் காவலர்களால் நிறுத்தப்பட்டிருந்தது. தோற்றம் என்று நாம் சொல்லும்போது சட்டையை மட்டும் நினைக்கிறோம். பார்ப்பவர் கண்ணிலோ, தோலும் மூக்கும் தலைமுடியும்கூட ஆடையாகிவிடுகின்றன. கழற்றி வைக்க முடியாத ஆடை.

மறுநாள், சூலை 7ம் தேதி, டல்லாஸ் நகரில் நடந்தது இதன் தொடர்ச்சி. காஸ்டில் உள்ளிட்ட இருவரின் சாவைக் கண்டித்து மக்கள் அங்கே அமைதியாக ஊர்வலம் சென்றனர். மறைந்திருந்த ஒருவர் சுட்டதில் ஐந்து காவலர்கள் உயிரிழந்தனர். பெரும் துயரம். அந்த ஊர்வலத்தில் ஒரு கறுப்பின மனிதர், இராணுவ உடை நிறத்திலான சட்டையோடு, தோளில் ரைஃபிளுடன் நடந்திருந்தார். மாநிலச் சட்டம் அதற்கு அனுமதித்தது. காவல்துறை அவரது படத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிட்டு, இவர் சந்தேகத்திற்குரியவர், கண்டுபிடிக்க உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவரோ, சூடு தொடங்கியபோதே தன் ஆயுதத்தைக் காவலர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். விசாரணைக்குப்பின் விடுவிக்கப்பட்டார். ஆனாலும், ஒரு நாடே அவர் முகத்தைக் கொலைகாரரின் முகமாகப் பார்த்துவிட்டது.

அந்த ஊர்வலத்தில் இன்னும் பலர் துப்பாக்கிகளோடும், இராணுவ உடையோடும், குண்டு துளைக்காத மேலாடையோடும் வந்திருந்தனர். சூடு தொடங்கியதும் அவர்கள் ஓடினர். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்நகரக் காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் வேதனையோடு கேட்டார். அவரும் கறுப்பினத்தவரே. அவரது கேள்வி நியாயமானது. தோற்றத்தை வைத்து நொடிகளில் முடிவெடுக்கும் கட்டாயத்திற்கு ஒரு காவலரைத் தள்ளுவது, அவருக்கும் இழைக்கப்படும் கொடுமை என்பதை நாம் மறக்கக்கூடாது.

2018ம் ஆண்டு நவம்பர் 11ம் தேதி, சிகாகோ அருகே ஒரு மதுக்கூடத்தில் யாரோ துப்பாக்கியால் சுட்டனர். அங்கே காவலாளியாக வேலை பார்த்த 26 வயது ஜெமெல் ராபர்சன், சுட்டவரில் ஒருவரைப் பிடித்துத் தரையில் அழுத்தி வைத்திருந்தார். அவரும் கறுப்பினத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயங்களில் இசைக்கருவி வாசித்து வந்தவர். உதவிக்கு வந்த காவலர் ஒருவர் கண்டது, கையில் துப்பாக்கியோடு இருந்த ஒரு கறுப்பின இளைஞரை. ராபர்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆபத்தைத் தடுத்தவரே ஆபத்தானவராகத் தோன்றிவிட்டார்.

இது இன்று நேற்று தொடங்கியதும் அல்ல. 1967ம் ஆண்டு மே 2ம் தேதி, கறுஞ்சிறுத்தைகள் என்ற அமைப்பைச் சேர்ந்த ஏறத்தாழ 30 பேர், தொப்பியும் கறுப்புத் தோல்சட்டையும் அணிந்து, துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரச் சட்டமன்றத்திற்குள் சென்றனர். குண்டுகள் நிரப்பிய துப்பாக்கியை வெளிப்படையாக வைத்திருப்பது அப்போது அங்கே குற்றமல்ல. அதைக் குற்றமாக்க ஒரு சட்ட முன்வரைவு வந்திருந்தது. அதை எதிர்க்கவே அவர்கள் சென்றனர். அன்று அவர்களில் பலர் கைது செய்யப்பட்டனர். அந்தச் சட்டம் விரைந்து நிறைவேறியது. ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் அதில் கையொப்பமிட்டார். 53 ஆண்டுகளுக்குப்பின், 2020ம் ஆண்டு ஏப்ரல் 30ம் தேதி, பெருந்தொற்றுக்கால ஊரடங்கை எதிர்த்து, பெரும்பாலும் வெள்ளையினத்தவரான ஒரு கூட்டம், மிச்சிகன் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திற்குள் சென்றது. அவர்களில் சிலர் நீண்ட துப்பாக்கிகளை ஏந்தியிருந்தனர். உறுப்பினர்கள் சிலர் குண்டு துளைக்காத மேலாடை அணிந்து அவையில் அமர்ந்தனர். துப்பாக்கி ஏந்தி வந்ததற்காக யாரும் அன்று கைது செய்யப்படவில்லை. அந்தக் கட்டடத்திற்குள் துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்திச்செல்வதைத் தடை செய்யும் முடிவு, 2021ம் ஆண்டு சனவரியில்தான் எடுக்கப்பட்டது. இரு நிகழ்வுகளுக்கும் இடையே காலமும் சூழலும் வேறு என்பதை ஒத்துக்கொள்வோம். ஆயினும், யாக்கோபு கேட்ட கேள்வி இங்கே நம் காதில் விழத்தான் செய்கிறது. ஒருவருக்கு நல்ல இருக்கை, மற்றவருக்குக் கால்மணை.

'அப்படிப் பார்ப்பவர்கள் இனவெறியர்கள், நாங்கள் அப்படியல்ல' என்று நாம் சொல்லத் தோன்றும். 2002ல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு, அந்த ஆறுதலையும் நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது. ஜோஷுவா கோரல் என்பவரும் அவரது குழுவினரும், கணினி விளையாட்டு ஒன்றை அமைத்தனர். திரையில் திடீரென ஒரு மனிதர் தோன்றுவார். அவர் கையில் துப்பாக்கி இருக்கலாம், அல்லது கைப்பேசியோ பணப்பையோ இருக்கலாம். பார்ப்பவர் ஒரு நொடிக்குள் சுடு, சுடாதே என்ற இரு பொத்தான்களில் ஒன்றை அழுத்தவேண்டும். ஆயுதம் ஏந்தியவர் வெள்ளையராக இருந்ததைவிட, கறுப்பினத்தவராக இருந்தபோது, பங்கேற்றோர் விரைவாகச் சுட்டனர். ஆயுதம் இல்லாதவர் வெள்ளையராக இருந்தால், சுடாதே என்ற முடிவுக்கு விரைவாக வந்தனர். இதில் நம்மைத் தலைகுனிய வைப்பது, ஆய்வின் கடைசிப் பகுதி. கறுப்பினத்தவரைக் கொண்டே அதை நடத்தியபோதும், ஏறக்குறைய இதே முடிவு வந்தது. ஒரு சமுதாயம் மீண்டும் மீண்டும் காட்டும் உருவம், எல்லார் கண்ணிலும், அந்த உருவத்தால் காயப்படுவோரின் கண்ணிலும்கூட, படிந்துவிடுகிறது. தீய மனம் உள்ளவர் மட்டும் ஆள் பார்ப்பதில்லை. பழகிப்போன கண் உள்ள அனைவரும் ஆள் பார்க்கிறோம்.

இப்படிப் பழகிய கண்ணுக்கு மருந்து எங்கே கிடைக்கும்? இன்றைய மற்ற இரு வாசகங்கள் நமக்கு வழிகாட்டுகின்றன.

இறைவாக்கினர் எசாயா, அஞ்சி நடுங்கும் உள்ளத்தினரைப் பார்த்துத்தான் முதலில் பேசுகிறார். அச்சம் வேண்டாம், கடவுள் வருகிறார் என்கிறார். அதற்குப் பிறகுதான் பார்வையற்றோரின் கண்கள் திறப்பதைப்பற்றிப் பேசுகிறார். இந்த வரிசை நமக்கு ஒரு பாடம். இன்று நாம் கேட்ட நிகழ்வுகள் அனைத்திலும் அச்சம் இருக்கிறது. அஞ்சியதால் ஒருவர் ஆயுதம் வாங்கினார். அந்த ஆயுதத்தைக் கண்டு மற்றொருவர் அஞ்சினார். அஞ்சியவர் சுட்டார். அச்சம் நிறைந்த கண்ணால் ஒருவரை உள்ளபடி பார்க்க முடியாது. அச்சம் குறைந்தால்தான் கண் திறக்கும்.

நற்செய்தியில், காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரைத் தெக்கப்பொலி பகுதி மக்கள் இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். அவர்மேல் கைவைத்துக் குணமாக்குமாறு கேட்கின்றனர். இயேசு முதலில் செய்தது என்ன? அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். கூட்டத்தின் கண்ணுக்கு அவர் ஒரு செவிடர், ஊமை, அவ்வளவுதான். அந்தப் பார்வை எட்டாத இடத்திற்கு இயேசு அவரை அழைத்துப் போகிறார். பிறகு, அவருடைய காதுகளைத் தொடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். தொலைவில் நின்று அவரை எடைபோடவில்லை. அருகில் சென்று தொட்டு அறிகிறார். 'எப்பத்தா', அதாவது, 'திறக்கப்படு' என்ற அந்தச் சொல், அன்று ஒரு மனிதரின் காதுக்குச் சொல்லப்பட்டது. திருமுழுக்குச் சடங்கில் நமக்கும் அதே சொல் சொல்லப்படுகிறது. நம் காதுகளோடு, நம் கண்களும் திறக்கப்பட வேண்டாமா?

அன்பார்ந்தவர்களே, நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைத் தொடப்போவதில்லை. ஆனால், நம் ஆலய வாசலில் ஒவ்வொரு ஞாயிறும் யாக்கோபு காட்டிய அதே காட்சி நடக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையோடு வருபவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுகிறோம். முடியை வளர்த்து, காதில் கடுக்கன் போட்ட இளைஞன் வந்தால், இவன் எதற்கு வந்தான் என்று பார்க்கிறோம். அவன் பின்னால், மரத்தடியில் நின்று திருப்பலி காண்கிறான். அவன் ஏன் உள்ளே வருவதில்லை என்று குறைகூறவும் செய்கிறோம்! கட்டட வேலைக்கு வடநாட்டிலிருந்து வந்தவரைத் தெருவில் கண்டால், கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறோம். நம் கையில் துப்பாக்கி இல்லாததால், நம் பார்வை யாரையும் கொன்றுவிடவில்லை. ஆனால், காயப்படுத்தவில்லை என்று நம்மால் சொல்ல முடியுமா?

இந்த வாரத்தில் நாம் இரண்டு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, பார்க்கப்படுபவர்களாக நம்மையே கேட்போம்: என் உடை, என் குரல், நான் நிற்கும் விதம் யாருக்காவது அச்சம் தருகிறதா? எனக்கு உரிமை உண்டு என்பதற்காக அதைத் தொடர்கிறேனா? காவல்துறைச் சீருடை அணிவோர், பெரிய பதவியில் இருப்போர், வீட்டில் குடும்பத் தலைவராய் இருப்போர் ஆகிய அனைவரும் கேட்கவேண்டிய கேள்வி இது. இரண்டாவது, பார்ப்பவர்களாக, நாம் வழக்கமாகத் தள்ளி நிறுத்தும் ஒருவரைத் தேர்ந்துகொள்வோம். அவர் அருகில் சென்று, பெயரைக் கேட்டு, ஐந்து நிமிடம் பேசுவோம். காஸ்டில் தன் பள்ளியில் செய்தது அதுதான். வரிசையில் நின்ற ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தார். பெயர் தெரிந்தவரைப் பார்த்து அஞ்சுவது கடினம்.

ஈசாயின் புதல்வர்களில் உயரமானவரை, அழகானவரைக் கண்டு இறைவாக்கினர் சாமுவேலே ஏமாந்தார். மனிதர் முகத்தைப் பார்க்கின்றனர், தாமோ உள்ளத்தைப் பார்ப்பதாக ஆண்டவர் அவரைத் திருத்தினார். ஓர் இறைவாக்கினருக்கே அந்தத் திருத்தம் தேவைப்பட்டதென்றால், நமக்கும் தேவை.

தோற்றத்தைக்கொண்டு தவறாகத் தீர்ப்பிடப்பட்டு உயிரிழந்த அனைவரையும், பணியின்போது உயிர்நீத்த காவலர்களையும், அச்சத்தால் ஆயுதம் ஏந்துவோரையும், அதைக் கண்டு அஞ்சுவோரையும் இறைவனின் கைகளில் ஒப்படைப்போம். செவிகளைத் திறந்த ஆண்டவர் நம் கண்களையும் திறந்து, ஆடைக்கும் ஆயுதத்திற்கும் அப்பால் நிற்கும் மனிதரைக் காணும் அருளை நமக்குத் தரவேண்டும் என்று மன்றாடுவோம். ஆமென்.